பத்து நாளில் ஆறு தலைவர்கள்

ஒரு தலைவனை உருவாக்க எத்தனை நாள் ஆகும் என்று அந்தக் கல்லூரியில் யாரும் அதுவரை யோசித்ததில்லை. பத்து நாள் போதும் என்று ஓர் அறக்கட்டளை கடிதம் போட்டது. ஆறு மாணவர்களைக் கொடுத்தால் கடல் தாண்டிக் கூட்டிப்போய், பத்து நாள் வைத்திருந்து, தலைவர்களாகத் திருப்பி அனுப்புவார்களாம். தைக்கக் கொடுத்த சட்டையே பதினைந்து நாளுக்கு முன்னால் வருவதில்லை. முதல்வர் அன்றைக்கே சரி என்று பதில் எழுதிவிட்டார்.

ஆறில் ஐந்து பேர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மாணவர் மன்றச் செயலாளன், அவனுடைய இரண்டு சிநேகிதர்கள், ஒரு துறைத்தலைவரின் மகள், எப்போதும் முதலிடம் வாங்கியதால் 'முதல் மார்க்' என்றே பெயராகிப்போன ஒருத்தி. ஆறாவதாக 'எளிய குடும்பத்திலிருந்து ஒருவர்' வேண்டும் என்று அறக்கட்டளை கேட்டிருந்தது. புகைப்படத்தில் அப்படி ஒரு முகம் இல்லாவிட்டால் புகைப்படத்துக்கே அழகில்லை போலிருக்கிறது. தேடி அலையத் தேவையிருக்கவில்லை. மூன்றாம் நம்பர் பஸ் ஓட்டும் டிரைவரின் மகள் அங்கேயே மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். நல்ல மார்க் வாங்குவாள், வாயைத் திறக்க மாட்டாள்.

டிரைவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பஸ் ஷெட்டில் ஒருவர் விடாமல் பிடித்துச் சொன்னார். "எத்தனையோ ஆயிரம் மைலாமே அண்ணே!" என்று கிளீனர் வாயைப் பிளந்தபோது, "அதைவிட ஜாஸ்தி நான் ஓட்டியிருக்கேன்டா. என்ன, ஒரே ரோட்டுல ஓட்டிட்டேன்" என்றார். பத்தொன்பது வருடமாக ஒரு கீறல்கூட விழாமல் வண்டி ஓட்டிய மனுஷனுக்கு அந்த அளவு பெருமை பேச உரிமை உண்டு.

அங்கே போன பிறகு என்ன நடந்தது என்று கேட்டால், முதல் ஐந்து நாள் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மெத்துமெத்தென்று கம்பளம் விரித்த ஒரு கூடம். சுவரெல்லாம் ஒட்டும் மஞ்சள் காகிதம். பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடித்தால் அது நம்பிக்கை. கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தால் அது குழு உணர்வு. பல நாடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் மடமடவென்று ஆங்கிலம் பேசினார்கள். டிரைவர் மகள் ஒரு வாக்கியத்தை மனசுக்குள் கட்டி முடிப்பதற்குள் பேச்சு அடுத்த ஊருக்குப் போயிருக்கும். அவள் அங்கே இருந்தாள் என்பதற்கு வருகைப் பதிவேட்டைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அவளுக்கே அது தெரிந்தது, உள்ளுக்குள் எரிந்தது.

ஆறாம் நாள் மதியம் நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். நடுவில் கண்ணைத் துடைக்கும் காகிதப் பெட்டி ஒன்று. அழுகை வரும் என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். பயிற்சி நடத்திய அம்மாள், "இந்த வட்டத்துக்குள் சொல்வது வட்டத்தைத் தாண்டாது" என்று எல்லாரையும் கை உயர்த்தி உறுதி சொல்லவைத்தாள். பிறகு கேட்டாள்: "நீங்கள் வாழ்க்கையில் முதன்முதலில் வழிநடத்திய ஆள் யார்?"

ஒருவன் கிரிக்கெட் டீம் என்றான். முதல் மார்க் தன் தம்பிக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்ததைச் சொல்லி, அழுகை வராமல் மூக்கை மட்டும் உறிஞ்சினாள். செயலாளன் ஓர் ஊர்வலத்தைச் சொன்னான். டிரைவர் மகளின் முறை வந்தது. மற்றவர்கள் பாதி காதோடுதான் உட்கார்ந்திருந்தார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

"என் அப்பா" என்றாள்.

அவள் அப்பாவுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். பிறவியிலிருந்தே அப்படி. சிக்னலில் மேலே எரிந்தால் நிற்பார், கீழே எரிந்தால் போவார். வேலையில் சேர்ந்தபோது கண் டாக்டர் அவசரத்தில் முதல் பக்கத்தை மட்டும் காட்டி அனுப்பிவிட்டார். புள்ளிப் புள்ளியாக வண்ணம் நிறைந்த பக்கங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் எண் ஒளிந்திருக்கும் புத்தகம் அது. அதன் முதல் பக்கம் மட்டும் எல்லார் கண்ணுக்கும் தெரியும். பிற்பாடு விதி கடுமையாகி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுப் புத்தகத்தையும் வாசிக்க வேண்டும் என்றானது. அன்றைக்கு அவள் எட்டு வயதுப் பிள்ளை. அப்பாவோடு கிளினிக்குக்குப் போனவள், மேஜைமேல் கிடந்த புத்தகத்தைப் புரட்டி, விளையாட்டாக எண்களைப் படித்தாள். வெறும் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்த அப்பா திகைத்துப்போய் அவளைப் பார்த்தார். பிறகு காதைக் கொண்டுவந்து அவள் வாயருகே வைத்தார். வரிசையில் நின்றிருந்த அரை மணி நேரத்தில் இருபத்து நான்கு எண்களையும் பிள்ளை சொல்ல, அப்பன் மனப்பாடம் செய்தான். அதற்கப்புறம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதே கிளினிக், அதே புத்தகம், அதே வரிசை. ஆறு முறை தேறியாகிவிட்டது. இது வீட்டில் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வந்தது. ஆனால் அன்றைக்கு அந்தத் தடுமாற்றமே அழகாகிவிட்டது. பல தேசத்துப் பிள்ளைகள் காகிதப் பெட்டியைக் காலி செய்தார்கள். பயிற்சி அம்மாள் எழுந்துவந்து கட்டிக்கொண்டாள். செயலாளன் முதல் முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தான். மீதி நான்கு நாளும் அவளுக்குப் பக்கத்தில் உட்காரப் போட்டி நடந்தது. பொய் சொல்வானேன், அவளுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

கடைசி நாள் ஒரு குண்டைப் போட்டார்கள். ஊருக்குப் போய் முப்பது நாளுக்குள் உங்கள் கல்லூரியில் இருக்கும் ஒரு தவறைக் கண்டுபிடித்து மாற்றிக் காட்ட வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற விளைவு வேண்டும். இல்லையென்றால் சர்டிபிகேட் கிடையாது. நன்றாகச் செய்கிற குழுவில் ஒருவருக்கு அடுத்த கட்டப் பயிற்சி, ஆறு மாதம், அதே தேசத்தில்.

திரும்பி வந்து ஐந்தாம் நாள் மன்ற அறையில் கூட்டம். மின்விசிறி கடகடத்தது. சுவரில் போன தேர்தலின் நோட்டீஸ் இன்னும் பாதி கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. மரம் நடலாம் என்றான் ஒரு சிநேகிதன். கழிவறையைச் சுத்தம் செய்யலாம் என்றாள் துறைத்தலைவர் மகள், மற்றவர்கள் சுத்தம் செய்வார்கள் என்ற நம்பிக்கையில். செயலாளன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னான்.

"பஸ் டிரைவர்களுக்குக் கண் டெஸ்ட் வைக்கலாம். அடுத்த வாரம் ஆண்டு விழா மேடையில, எல்லார் முன்னாடியும். இங்க இருக்கிற அறக்கட்டளைத் தலைவி மேடமையே கூப்பிடலாம், அவங்க அந்த வட்டத்துல இல்லயே."

டிரைவர் மகள் அவன் பக்கம் நாற்காலியைத் திருப்பினாள்.

"வட்டத்துல சொன்னது வெளிய போகாதுன்னு கை தூக்கினியே" என்றாள்.

"நான் எங்க வெளிய சொன்னேன்? உன் பேரும் வராது, உங்க அப்பா பேரும் வராது. ஏழு டிரைவருக்கும் பொதுவா ஒரு டெஸ்ட். அவ்வளவுதான்."

"எங்க அப்பா பத்தொம்பது வருஷமா ஒருத்தரையும் இடிச்சதில்ல."

"இருக்கலாம். மழையில ஒரு நாள் சிக்னல்ல ஒரு விளக்கு மட்டும் மங்கலாத் தெரியும். மேலயா கீழயான்னு தெரியாது. வண்டியில அம்பத்திரண்டு பேர். அதுல ஒண்ணு ஆச்சுன்னா நீ என்ன சொல்லுவ?"

அவன் சொன்னதில் தவறில்லை. அதுதான் கொடுமை. அயோக்கியன் நியாயத்தைப் பேசும்போது எதிராளிக்கு வாய் அடைத்துப்போகிறது. அவள் மற்ற நான்கு பேரையும் பார்த்தாள். வட்டத்தில் அவளுக்காகக் கண்ணீர் விட்ட முதல் மார்க், கைப்பேசியில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஒரு வாரம் இருக்கு" என்றான் செயலாளன், குரலைத் தணித்து. "அப்பாகிட்டப் பேசு. அவரே முதல்வர்கிட்ட வந்து சொல்லட்டும். கேட்லயோ ஸ்டோர்லயோ ஒரு வேலை நானே பேசி வாங்கித் தரேன். இதுவும் ஒரு நல்ல விளைவுதான்."

சரி என்று தலையை ஆட்டினாள்.

வீட்டில் அப்பா கால் நீட்டி உட்கார்ந்து செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். அம்மா தையல் கம்பெனியிலிருந்து வந்து அன்றைய ஊர்வம்பை முழுக்கக் கொட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு வாய் ஓயாது. யார் மகள் யாரோடு பேசினாள், எந்த சூப்பர்வைசர் யாரைத் திட்டினான் என்று எல்லாம் நாக்கு நுனியில் இருக்கும். ஆனால் அப்பாவின் கண் விஷயம் மட்டும் இத்தனை வருடத்தில் அந்த நாக்கைத் தாண்டியதில்லை.

"அப்பா" என்று ஆரம்பித்தாள்.

"வா பாப்பா. விஷயம் தெரியுமா? காலேஜ்ல கண் டெஸ்ட்டாமே, மேடையில! உங்க கூட்டந்தான் வைக்குதாமே!" அப்பா சிரித்தார். "நமக்கென்ன பயம்? பன்னிரண்டு, எட்டு, இருபத்தொன்பது, அஞ்சு..." கண்ணை மூடிக்கொண்டு கடகடவென்று ஒப்பித்தார்.

இந்த இடத்தில் அவள் சொல்லியிருக்கலாம். நீங்களே போய் ஒப்புக்கொள்ளுங்கள் அப்பா, கேட்டில் வேலை தருவார்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் 'ஏன் இப்போ?' என்று அப்பா கேட்பார். 'நான்தான் வெளியே சொன்னேன்' என்று அவள் சொல்ல வேண்டிவரும். முகம் தெரியாத நாற்பது பேர் முன்னால் கூச்சமில்லாமல் சொன்னவளுக்கு, சொந்த அப்பனிடம் சொல்ல நாக்கு எழவில்லை. கோழை என்று திட்டலாம். அவளும் தன்னை அப்படித்தான் திட்டிக்கொண்டாள். திட்டிக்கொண்டே ஒரு நாளைக் கடத்தினாள், இன்னொரு நாளையும் கடத்தினாள்.

மூன்றாம் நாள் செயலாளனே நூலக வாசலில் வந்து நின்றான். "பேசிட்டியா?" என்றான். அவள் தலையைக் குனிந்தாள். அவன் பெருமூச்சு விட்டான். பிறகு பையிலிருந்து புத்தகம் ஒன்றை எடுத்து நீட்டினான். "புது டாக்டர் இதைத்தான் கொண்டுவருவார். பழைய புத்தகம் இல்ல. வரிசை வேற. நான் கொடுத்ததா யார்கிட்டயும் சொல்லாத. உன்னைப் பார்த்தா பாவமா இருக்கு."

அவள் அந்தப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். அவனைத் தப்பாக நினைத்தோமே என்று வழியெல்லாம் வருத்தப்பட்டாள்.

நான்கு நாள் மாலை, அடுப்படித் தரையில் பாடம். ஐம்பத்து இரண்டு வயதுக்காரர் பள்ளிக்கூடப் பிள்ளைபோலச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முப்பத்து எட்டு பக்கம். குளிக்கும்போது ஒப்பித்தார், சவரம் செய்யும்போது ஒப்பித்தார். பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது எண்களை முணுமுணுத்ததைக் கேட்டு, கிளீனர் அதை மந்திரம் என்று நினைத்தான். "உங்க மூளைக்கு இது ஏறுமா?" என்று அம்மா சீண்டினாள். "எட்டு வயசுலயே சொல்லிக்கொடுத்தவ, இப்ப ஃபாரின் போய்ட்டு வேற வந்திருக்கா. ஏறாம எங்க போகும்?" என்றார் அப்பா.

விழாவன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. தொகுத்துப் பேசுகிற வேலையை அறக்கட்டளை மேடமே டிரைவர் மகளுக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தார். அவள் மேடையில் மைக்கைப் பிடித்து நின்றாள். ஏழு டிரைவர்களும் துவைத்த சீருடையில் மேடைக்குக் கீழே வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா நான்காவது. மகளைப் பார்த்து யாருக்கும் தெரியாமல் புருவத்தை ஒருமுறை உயர்த்தினார்.

முதல் மூன்று பேரும் திக்கித் திக்கி எண்களைப் படித்தார்கள். டாக்டர் ஒவ்வொரு பக்கமாகக் காட்டி, தலையசைத்து அனுப்பினார். அப்பா கண்ணை மூடித் தன் வரிசையை உதட்டுக்குள் ஓட்டிக்கொண்டிருந்ததால் அவர்கள் சொன்ன எண்கள் எதுவும் அவர் காதில் ஏறவில்லை. பக்கங்கள் பெரிய திரையிலும் தெரிந்தன. எண்கள் சபைக்குத் தெளிவாகத் தெரிந்தன. டிரைவர் மகள் அப்போதுதான் கவனித்தாள். டாக்டர் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் புரட்டிக்கொண்டிருந்தார்.

அவள் மேடையோரம் நின்ற செயலாளனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஆச்சரியப்படவில்லை. அருகில் வந்து, மைக்கைக் கையால் பொத்தி, மெல்லச் சொன்னான்: "எல்லாரும் பாஸானா அது விளைவே இல்லயே. புத்தகம் கொடுக்கலன்னா உங்க அப்பா மேடைக்கே வந்திருக்க மாட்டாரு. நான்தான் டாக்டரைக் கடைசியிலேருந்து காட்டச் சொன்னேன்."

அதற்குள் அப்பா எழுந்து வந்துவிட்டார். தெம்பாக வந்து நின்றார். தன் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்தார். டாக்டர் பக்கத்தைத் திறந்தார். திரையில் நாற்பத்தைந்து என்று எழுதியிருந்தது.

"பன்னிரண்டு" என்றார் அப்பா.

டாக்டர் அடுத்த பக்கம் திருப்பினார். திரையில் இரண்டு.

"எழுபத்து நாலு."

பின்வரிசையில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். டாக்டரின் முகம் மாறியது. அவர் பக்கத்தைத் திருப்பாமல் அப்படியே பிடித்திருந்தார். அப்பா ஓட்டத்தில் இருந்தார். மனப்பாடம் செய்தவனை நடுவில் நிறுத்தினால் எல்லாம் மறந்துபோகும் என்ற பயம் அவருக்கு. "ஆறு, பதினாறு, அஞ்சு, எழுபத்து மூணு..." என்று பக்கம் திரும்பக் காத்திராமல் ஓடினார். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. டாக்டர் புத்தகத்தை மூடி மடியில் வைத்தார். மூடிய புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே அப்பா இன்னும் மூன்று எண்கள் சொன்னார். அரங்கம் குலுங்கியது. அவருடைய பஸ்ஸில் தினமும் ஏறி, 'டிரைவர் அண்ணா, கொஞ்சம் நிறுத்துங்க' என்று கெஞ்சுகிற பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் உதடு பாதியில் நின்றுவிட்டது. அவள் அந்த உதட்டைப் பார்த்தாள். செத்துவிடலாம்போல இருந்தது.

முதல்வர் எழுந்தார். "யார் இதைச் சொல்லிக்கொடுத்தது?"

"யாரும் இல்லீங்க. நானாத்தான்" என்றார் அப்பா.

அறக்கட்டளை மேடம் திரும்பி டிரைவர் மகளைப் பார்த்தார். குரலில் கனிவுக்குக் குறைவில்லை. "இவர் உன் அப்பாதானே? இது உனக்குத் தெரியுமா?"

மைக் அவள் வாய்க்கு நேராக இருந்தது. ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வட்டத்தில் அழுத ஐந்து பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

"தெரியாது மேடம்" என்றாள்.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க, அவ குழந்தை" என்று அப்பா அவசரமாக முந்திக்கொண்டு சொன்னார். அந்த மனுஷனின் முகத்தில் அன்றைக்கு வந்த ஒரே நிம்மதி அப்போது வந்ததுதான்.

பஸ் சாவியை அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். விழா நிற்கவில்லை. 'ஐம்பத்து இரண்டு உயிர்களைக் காத்த மாணவர்கள்' என்று செயலாளன் பேசினான். கைதட்டல் ஓய நேரமானது. கடைசியில் மேடம் மைக்கை வாங்கி, அடுத்த கட்டப் பயிற்சிக்கு யார் என்று அறிவித்தார். சொந்தத் தந்தை என்றுகூடப் பாராமல், குரல் நடுங்காமல் மேடையில் நின்ற பெண்தான் உண்மையான தலைவி என்றார். செயலாளனின் முகம் சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கிப்போனது. கீழே, காலியாகிவிட்ட டிரைவர் வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்த அப்பா கைதட்டினார்.

வீட்டுக்கு டவுன் பஸ்ஸில் போனார்கள். ஜன்னலோர இருக்கையை அப்பா அவளுக்குக் கொடுத்தார்.

"நீ சரியாத்தான் சொல்லிக்கொடுத்த பாப்பா. நான்தான் எங்கயோ தப்பு விட்டுட்டேன்" என்றார். பிறகு, "நல்லவேளை, தெரியாதுன்னு சொன்ன. இல்லேன்னா உன் படிப்பும் போயிருக்கும்."

அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆனா ஒண்ணு புரியல. இத்தனை வருஷமா கிளினிக்லதானே டெஸ்ட்டு, இப்ப ஏன் மேடையில, புதுப் புத்தகத்தோட வைக்கணும்? யாரோ சொல்லியிருக்காங்க. நம்ம மூணு பேரைத் தவிர யாருக்குத் தெரியும்?" சட்டென்று அவள் பக்கம் திரும்பினார். "நீ யார்கிட்டயாவது..."

"இல்லப்பா."

யோசிக்கக்கூட இல்லை. பதில் தானாக வந்தது. ஆங்கிலம் ஒரு நாளும் அவளுக்கு இவ்வளவு சரளமாக வந்ததில்லை, பொய் வந்தது.

அப்பா முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அப்ப உங்கம்மாதான்" என்றார். "அவ வாய் இருக்கே, அது சும்மா இருக்காது. கம்பெனியில எவகிட்டயோ உளறியிருக்கா."

அவள் கையிலிருந்த டிக்கெட்டை நான்காக மடித்தாள்.

கதவைத் திறந்த அம்மா முகம் நிறையச் சிரிப்போடு நின்றாள். எல்லாம் தேறியிருக்கும் என்று நினைத்து, கம்பெனியிலிருந்து சீக்கிரமே வந்திருந்தாள். அப்பா செருப்பைக் கழற்றாமல் உள்ளே போனார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு முறைகூடக் குரல் உயர்த்தாத மனுஷன், அடுப்படி அதிரக் கத்தினார். வாயா இது, சாக்கடையா என்றார். என் சோத்துல மண்ணைப் போட்டுட்டியே என்றார். என்ன நடந்தது என்று அம்மாவுக்குப் புரியவே ஐந்து நிமிடம் ஆனது. புரிந்ததும் அவள் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"நான் யார்கிட்டயும் சொல்லலங்க. சத்தியமாச் சொல்லல."

"பின்ன யாரு சொன்னா? இவளா சொன்னா?"

அம்மா மகளைப் பார்த்தாள். பிறகு நாலெட்டில் வந்து, பெற்ற பிள்ளையின் உச்சந்தலையில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினாள்.

"இவ மேல ஆணையாச் சொல்றேன். நான் சொல்லியிருந்தா இவ எனக்கு இல்ல. நீயாவது சொல்லு பாப்பா, அம்மா சொல்லியிருப்பேனா? சொல்லு."

மகள் தலையை நிமிர்த்தவில்லை. அம்மாவின் கைகளுக்கு அடியில் அசையாமல் நின்று, "எனக்குத் தெரியாதும்மா" என்றாள்.